சாம்பல் நிற வரிகளில் ஒருத்தி

இன்று காலை சேத்தூரில் ஏறிய பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு அம்மா புதினாக் கட்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தார். ஜன்னல் காற்று அந்த வாசனையை அப்படியே என் முகத்தில் கொண்டுவந்து போட்டது. ராஜபாளையம் வந்ததும் தெரியவில்லை, அந்த அம்மா இறங்கிப்போனதும் தெரியவில்லை. “ஏம்மா, தூங்குதியா? பஸ் ஸ்டாண்டு வந்துட்டு” என்று நடத்துநர் சத்தம் கொடுத்தபோது, என்னை அறியாமலே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு சீட்டுக் கேட்டேன். உன் ஊருக்கு.

நீ வடக்கே இருந்து வருவாய், நான் தெற்கே இருந்து. ராஜபாளையத்தில் உரக்கடைக்கு மேலே இருந்த அந்த இரண்டு அறை அலுவலகத்தில் நாம் சேர்வோம். மொராக்கோ நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பழைய பதிவேடுகளைப் படமெடுத்து யாரோ அனுப்புவார்கள். யார் எப்போது சேர்ந்தார்கள், யார் பட்டம் வாங்கினார்கள் என்று பார்த்து நாம் கணினியில் ஏற்ற வேண்டும். பிரெஞ்சில் நமக்குத் தெரிந்ததெல்லாம் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளில் இருந்த சொற்கள் மட்டும்தான். ஆனாலும் ஃபெஸ், மெக்னெஸ், உஜ்தா என்று அந்த ஊர்ப் பெயர்களை நீ வாய்க்குள் உருட்டிக்கொண்டே இருப்பாய். அங்கே தேநீரில் புதினா போடுவார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, அலுவலக ஃபிளாஸ்க்கில் ஒரு கொத்தைத் திணித்துவிட்டாய்.

“என்னம்மா, டீயில ரசத்தைக் கலந்துட்டியளா?” என்றார் நம் மேற்பார்வையாளர் அண்ணன்.

“மொராக்கோ டீ அண்ணே. அவிய படிச்ச படிப்பை டைப் அடிக்கோம், அவிய டீயக் குடிச்சா என்ன?”

மழைக்காலத்தில் மேற்கு ஜன்னலில் மலை பாதிதான் தெரியும். செண்பகத்தோப்புப் பக்கம் மேகம் இறங்கிக் கிடக்கும். அந்த மேகத்துக்குப் பின்னால் உஜ்தா இருக்கிறது என்பாய். ஒரு பெண் ஈரக் குடையோடு கல்லூரிப் படியேறிக்கொண்டிருக்கிறாள் என்பாய். நானும் பார்ப்பேன். வேலை நடுவே அப்படிக் கண் திறந்தபடி கனவு காண உன்னிடம்தான் பழகினேன்.

சேர்க்கைப் பதிவும் பட்டப் பதிவும் பொருந்திவிட்டால் அந்த வரி திரையில் பச்சையாகும். பொருந்தாவிட்டால் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். பக்கத்தில் ‘பதிவு உண்டு, பட்டம் இல்லை’ என்று வரும். பாதியில் நின்றவர்கள். நான் அவற்றை வேகமாகத் தள்ளிவிட்டுப் போவேன். நீ தள்ள மாட்டாய். “முதப் பாதிய முதல்ல படிட்டி. பதிவு உண்டு. மத்தது பொறவு” என்பாய். நீயும் அப்படி ஒரு வரிதான் என்பது எனக்குத் தெரியும். உன் அப்பா, நீ அத்தா என்று கூப்பிடுபவர், உடம்புக்கு முடியாமல் படுத்தபோது கல்லூரியை விட்டுவிட்டு, பஜாரில் இருந்த அவருடைய செருப்புக் கடையில் உட்கார்ந்தவள் நீ. அவர் தேறி எழுந்த பிறகு இந்த வேலைக்கு வந்தாய். கல்லூரிக்குத் திரும்பவில்லை.

அந்தப் பெண்ணை நீதான் கண்டுபிடித்தாய். அவள் பெயரைச் சொல்ல எனக்கு உரிமையில்லை, நாதியா என்று வைத்துக்கொள்கிறேன். சேர்க்கைப் பதிவேட்டில் ஒட்டியிருந்த படத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தாள். அந்த முகத்தை நீ மறக்கவில்லை. பல வாரம் கழித்துப் பட்டப் பதிவுகள் வந்தபோது ஒரு படத்தில் அதே கண், அதே அடக்கிய சிரிப்பு. ஆசையாக அவள் வரியைத் தேடிப் பார்த்தாய். சாம்பல் நிறம். பட்டம் இல்லை.

காரணம் நம் ஊர்ப் பழக்கம். அவர்களுடைய பெயரோடு குடும்பப் பெயரும் வரும். வேலை தொடங்கிய நாளில் அதைப் பார்த்த அண்ணன், “அப்பா பேராத்தான் இருக்கும், இனிஷியலாப் போட்டுக்கோங்க” என்றார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாம் எல்லோருமே அப்பாவை ஓர் எழுத்தாகச் சுமப்பவர்கள்தானே. சேர்க்கைப் பதிவுகள் முழுவதையும் அப்படியே ஏற்றிவிட்டோம். பட்டப் பதிவுகள் வந்தபோது குடும்பப் பெயரை முழுதாகப் போடச் சொல்லிப் புது உத்தரவு வந்தது. ஒரே ஆள் ஓரிடத்தில் ‘பி. நாதியா’, இன்னோரிடத்தில் முழுப் பெயர்க்காரி. கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். படித்துத் தேறியவர்களை எல்லாம் கூட்டம் கூட்டமாகச் சாம்பலில் நிறுத்திவைத்திருந்தோம்.

அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“அனுப்பிருவோம்மா. தப்புன்னா அவியளே திருப்பி அனுப்புவாவ. அந்தப் புள்ள உஜ்தாவுல இருந்து பஸ் ஏறி வந்து ஏன்னு கேக்கப் போகுதா?”

“வர மாட்டா அண்ணே. அதனாலதான் நான் கேக்கேன்.”

பிறகு நீ குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாய்: “நான் பரீட்ச எழுதல, எனக்குப் பட்டம் இல்ல. அது சரி. இவ எழுதிப் பாஸ் பண்ணிருக்கா. ஒரு வேலைக்குப் போயி நின்னா, இல்லேன்னு சொல்லிருவாங்கள்ல? இவளையும் என்னைய மாதிரி ஆக்கிட்டோமே.”

அண்ணன் தலையிலிருந்து கையை எடுத்தார். “எம்புட்டு வேலைன்னு தெரியுமா உனக்கு?” என்றார். தெரியும் என்று தலையாட்டினாய். “ஆரம்பிச்சுத் தொலை. போனைப் போட்டு நான் திட்டு வாங்கிக்கிடுதேன்.”

அந்த மழைக்காலம் முழுவதும் வெட்டிய பெயர்களை ஒட்டவைத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்தோம். நாதியாவின் வரியை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தாய். அவள் பச்சையான சாயங்காலம் நீ கத்தவில்லை, கை தட்டவில்லை. ஜன்னலுக்குப் போய், மேகம் விலகிக்கொண்டிருந்த மலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாய். “ஏட்டி, நானும் பச்சையாகணும்” என்றாய்.

சொன்னபடியே தொலைதூரக் கல்வியில் சேர்ந்தாய். பேருந்தில் படித்தாய். விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியாது, முதலிலிருந்து படி என்றார்கள். “அதுக்கென்ன, மறுபடியும் ஃபர்ஸ்ட் இயர் புள்ள ஆயிட்டேன்” என்று பையை மாட்டிக் காட்டினாய். முதல் பரீட்சைக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நீயும் சொன்னாய், நானும் நம்பினேன். உன் நாற்காலியில் கிடந்த துப்பட்டாவை, நீ திரும்பி வருவாய் என்று நான்தான் மடித்துவைத்தேன்.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி உன் கடைத்தெரு வழியே நடந்தேன். கடைக்குள் போகும் எண்ணம் இல்லை. உன் அத்தாதான் பார்த்துவிட்டார். “வாம்மா, வா. டீ சொல்லுதேன்” என்று முக்காலியை இழுத்துப் போட்டார். இளைத்திருக்கிறார். உன்னைப் போலவே கடையில் யாரும் இல்லாதபோது செருப்புகளை ஜோடி மாற்றி மாற்றி அடுக்குகிறார்.

டீ குடித்து முடித்த பிறகு கைப்பேசியை என்னிடம் நீட்டினார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்று உன் பெயருக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு செய்தி.

“இன்னும் வந்துக்கிட்டே இருக்கும்மா. அவிய கணக்குல அவ படிச்சுக்கிட்டுத்தான் இருக்கா போல. நீ இந்த வேலைதான பாக்குத? யார்ட்டச் சொன்னா நிப்பாட்டுவாங்க?”

எனக்குத் தெரியும். இறப்புச் சான்றிதழோடு ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும். உன் வரி மூடிவிடும். பிறகு செய்தி வராது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் கைப்பேசியைத் திரும்ப வாங்கி, சட்டை நுனியால் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நிப்பாட்டணுமா மாமா?” என்று கேட்டேன்.

அவர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டார். “மெசேஜ் வந்தா, ஒரு நிமிசம் அவ பையோட கெளம்புற மாதிரி இருக்கு” என்றார். “கெடக்கட்டும் என்ன?”

“கெடக்கட்டும் மாமா.”

மத்தியானத்துக்கு மேல்தான் அலுவலகம் வந்தேன். இப்போது வேறு நாட்டுப் பதிவுகள், வேறு முகங்கள். சாம்பல் வரி வந்தால் நான் இப்போது தள்ளுவதில்லை. பெயரை முழுதாக, வாய்க்குள் ஒருமுறை படிக்கிறேன். பிறகுதான் அடுத்த வரி.

இந்த மடலில் உன் பெயரை எங்கும் எழுதவில்லை. அலுவலக அட்டையிலும் அந்தச் செய்தியிலும் உன் அத்தா ஓர் எழுத்தாகச் சுருங்கி, பாதியாகக் கிடக்கும் பெயர் அது. முழுதாக இருப்பது உன் அத்தாவிடமும் என்னிடமும்தான். உன் வரியைப் பச்சையாக்க எனக்கு வழியில்லை. ஆனால் அதைப் படிக்கும் முறை தெரியும். முதல் பாதியை முதலில் படிக்க வேண்டும்.

பதிவு உண்டு.