லிங்க்கோட போன விலாசம்

செவ்வாய், இரவு

காந்திபுரத்துத் திருமணத் தகவல் மையத்துக்கு நான் செஞ்சு குடுத்த வெப்சைட்டில் ஒரு தப்பு. இன்னைக்குத்தான் தெரிஞ்சது.

காலையில் மையத்தை நடத்துற அக்கா கூப்பிட்டாங்க. "ஏனுங்க தம்பி, நம்ம மையத்துல பதிஞ்ச கிணத்துக்கடவுப் புள்ளைக்கு யார் யாரோ போன் பண்றாங்களாமுங்க. பொறந்த நேரங்கூடச் சொல்றாங்களாமா. நான் யாருக்கும் ஒண்ணும் குடுக்கலீங்க. ஃபாரம் லிங்க்கைத்தான் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன்."

லிங்க்கை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன்.

சப்மிட் அழுத்தினால் ஃபாரத்து விவரம் ரெண்டு விதமாப் போகும். ஒண்ணு வெளியே தெரியாம உள்ளுக்குள்ளே போறது. இன்னொண்ணு லிங்க்கோட வாலிலேயே ஒட்டிக்கிட்டுப் போறது. நான் அவசரத்தில் ரெண்டாவதை வெச்சுப்போட்டேன். அக்கா அந்தப் புள்ளையோட ஃபாரத்தை நிரப்பி சப்மிட் பண்ணிட்டு, ஸ்கிரீன் மேலே நின்ன லிங்க்கை வெறும் ஃபாரம் லிங்க்குன்னு நினைச்சு அப்படியே காப்பி எடுத்திருக்காங்க. பேரு, பொறந்த நேரம், நட்சத்திரம், போன் நம்பர், ஊட்டு விலாசம் எல்லாம் அதில் இருக்கு.

வெப்சைட் கோடில் ஒரே ஒரு வார்த்தையை மாத்தினேன். ரெண்டு நிமிஷ வேலை. குரூப் குரூப்பாப் போனதை யார் அழிக்கிறது?

"சரி பண்ணிட்டேங்க்கா"ன்னு மட்டும் சொன்னேன். என் தப்புன்னு சொல்லலை. "நல்லா இருப்பீங்க தம்பி"ன்னாங்க.

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாங்க. "அந்தப் புள்ளை ஊட்டுக்கு எதுக்க ஒரு பைக் மத்தியானத்துல இருந்து நிக்குதாமுங்க. நீங்கதான் சரி பண்ணிட்டீங்களே, அப்புறம் எப்படிங்க ஊடு தெரிஞ்சுது?"

சிக்னல் இல்லீங்கன்னு சொல்லிப் போனை வெச்சுட்டேன்.