அளவுக்கு மட்டும்

நேற்று அந்தப் பழைய பிஸ்கட் டப்பாவைக் கையில் எடுத்தேன். கிரீஸ் வாடை அப்படியே இருக்கிறது. மூடியின் மேல் அன்று நீர் உம் கையால் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஆமாம் வே, நான்தான் வாசித்தேன்! மாட்டுங்காவில் கோயிலை ஒட்டிய மண்டபத்தில், ஞாயிறுதோறும் என்னைப் போன்ற கிழடுகளுக்கு ஒரு டீச்சர் அரிச்சுவடி சொல்லித் தருகிறார். இப்போது தாராவியில் ஒரு கடைப் பலகையையும் நான் விடுவதில்லை. பஸ் போனாலும் போகட்டும், கடைசி எழுத்துவரை கூட்டிவிட்டுத்தான் நகர்வேன்.

மூடியில் இருந்தது இவ்வளவுதான்: ‘அளவுக்கு மட்டும். வண்டியில் போடக் கூடாது.’

அட பாவி மனுஷா! நம் கேரேஜின் முதல் நாட்களில் இதைச் சாமி பேர் என்று நினைத்து, வெள்ளிக்கிழமைதோறும் குங்குமம் வைத்தேனே!

நாம் இருவரும் சேர்ந்து நடத்திய கேரேஜில் உம்முடைய சட்டம் ஒன்றுதான். “கூலியக் கூசாமக் கேளும் வே. சாமான் விலையில கை வைக்கப்பிடாது.” பேரிங்குக்கு என்ன விலை சொன்னாலும் தலையாட்டுகிறவர்கள், நம் கூலியைச் சொன்னதும் “இத்னா? இவ்வளவா?” என்று வாயைப் பிளப்பார்கள். அதனால் மற்றவர்கள் கூலியைச் சாமான் விலைக்குள் ஒளித்தார்கள். நீர் மாட்டேன் என்றீர்.

“கண்ணு தெரியல வே, நீரே வாசியும்” என்று உம்மை எத்தனை வருஷம் ஏய்த்தேன்! நீரோ சயான் நடைபாதையில் ஒரு கண்ணாடி வாங்கி வந்து என் மூக்கில் மாட்டினீர். “இனி சாக்குச் சொல்ல முடியாது பாரும்.” அன்று முதல் பேப்பரை விரித்து, படத்தைப் பார்த்து, ‘ம்ம்’ கொட்டினேன்.

நீர் குர்லாவுக்குச் சாமான் வாங்கப் போயிருந்த நாளில் ஒரு டாக்சிக்காரர் அவசரமாக வந்தார். முன்சக்கரப் பேரிங் போயிருந்தது. டப்பாவில் அதே அளவில் ஒன்று, கிரீஸ் பூசிப் பளபளவென்று இருந்தது. கடையில் அளவு காட்ட நீர் கழுவி வைத்த பழசு என்று எனக்குத் தெரியாது. மாட்டினேன். புதுசுக்கு உண்டான விலையையும் வாங்கினேன். நாலாம் நாள் செம்பூர் நாக்காவில், நடுச்சந்தியில், சக்கரம் இறுகி நின்றுவிட்டது. “சோர்!” என்று அவர் என்னைக் கள்ளனாக்கித் தெருவே கேட்கக் கத்தினார்.

நீர் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, புதுசு மாட்டி அனுப்பினீர். பிறகு மூடியை என் முன்னால் வைத்தீர்.

“எழுதித்தான வச்சிருக்கேன். வாசிச்சீரா, இல்லியா?”

கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. “வாசிச்சேன்” என்றேன். வாசிக்கத் தெரியாது என்று சொல்வதைவிடக் கள்ளன் ஆவது அந்த நொடியில் எளிதாக இருந்தது.

மறுநாள் டப்பாவை மட்டும் விட்டுவிட்டு வேறு கேரேஜுக்குப் போனீர். ஏன் வே இன்னொரு தடவை கேட்கவில்லை? “எங்க, வாசிச்சுக் காட்டும்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அகப்பட்டிருப்பேன், தப்பித்தும் இருப்பேன். இப்போது வாசித்துக் காட்டுகிறேன், கேட்க நீர் இல்லை. கள்ளனோடு தொழில் செய்தோம் என்று நினைத்தே போய்ச் சேர்ந்துவிட்டீர். யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

இன்று காலையிலும் ஒருவர் கூலிக்கு மல்லுக்கட்டினார். சொன்னதில் நின்றேன். கழற்றிய பழைய பேரிங்கைப் பேப்பரில் பொதிந்து அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் போனதும் பெயிண்ட் எடுத்து, மூடியில் உம் எழுத்துக்குக் கீழே, கோணலும் மாணலுமாக என் கையால் ஒரு வரி எழுதினேன்.

‘வாசிக்கவில்லை வே. வாசிக்கத் தெரியாது.’