அசனம் முடிந்த பிறகு ஒரு கூட்டம்

சங்கரன்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜாய்ஸுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் அப்பாவும் நானும் சுகமாயிருக்கிறோம், புனே குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டும் என்பதே எங்கள் ஜெபம். முறுக்கு டப்பாவோடு இதையும் வைக்கிறேன், போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். மழை விட்டதும் அப்பாவின் பெயின்ட் கடையில் நல்ல கூட்டம், முழங்கால் வலியைத்தான் டாக்டரிடம் காட்ட மாட்டேன் என்கிறார், நீ ஒரு வார்த்தை சொல்.

நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எல்லோரும் உட்கார்ந்து, செய்த வேலையில் எது நன்றாக நடந்தது, எது சொதப்பியது என்று பேசும் ரெட்ரோ கூட்டத்தை உன்னை நடத்தச் சொன்னார்கள், தேன்மொழி என்ற பெண் ஒரு குறையைச் சொல்லப்போய் எல்லோரும் அவளையே பிடித்துக்கொண்டார்கள், அதிலிருந்து யாருமே வாய் திறப்பதில்லை, வெள்ளிக்கிழமையோடு இந்தப் பொறுப்பை விட்டுவிடப்போகிறேன் என்றாய். எனக்கு உன் ஆபீஸ் தெரியாது. ஆனால் இங்கே ஒன்று நடந்தது, அதைக் கேள்.

நம் சபையின் அசன விருந்தில் இந்த வருடம் கடைசிப் பந்திக்குச் சாம்பார் இல்லை, ரசத்தோடு எழுந்தார்கள். சமையல் பார்த்த தங்கப்பழம் அண்ணாச்சிக்கு அளவு தப்பிவிட்டது என்று கை கழுவும் இடத்திலேயே பேசிவிட்டார்கள், மனுஷன் அதோடு கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அசனம் முடிந்து கமிட்டி கூடுவது வழக்கம்தானே, இந்த வருடம் செயலாளர் நான். உனக்குத்தான் தெரியுமே, வேதமணி பெரியம்மா ஆரம்ப ஜெபம் செய்தாலே போதும், பொறுப்பை எடுத்துவிட்டு அசட்டையாயிருக்கிற சிலருக்கு நல்ல புத்தி தாரும் என்று கண்ணை மூடிக்கொண்டே குத்திவிடுவார்கள். ஜெபத்துக்கு யார் எதிர்ப்பேச்சு பேச முடியும். ஆமென் சொன்னதோடு எல்லோருக்கும் வாய் கட்டிவிடும், டீ குடித்துவிட்டுக் கலைவோம்.

அதனால் இந்த முறை எல்லோருக்கும் மனப்பாடமான பரமண்டல ஜெபத்தையே சேர்ந்து சொல்லி ஆரம்பிப்போம் என்றேன், பெரியம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. முந்தின நாளே அண்ணாச்சி வீட்டுக்குப் போய், யார் தப்பு என்று கேட்கப்போவதில்லை, நீங்கள் பேசவும் வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும் என்று சொல்லியிருந்தேன். பந்தியில் அவரவர் நின்ற இடத்தில் கண்ணால் பார்த்ததை மட்டும் ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்றேன். முதலில் ஒரே அமைதி. பேசி நிரப்பிவிடலாமா என்று எனக்கே தவிப்பாக இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் பரிமாறின செல்போன் கடை பிரவின்ராஜ்தான், "இந்த வருசம் கரண்டி புதுசுக்கா. ஒரு தடவ கோரி ஊத்துனா எல தாண்டி ஓடுது, நானும் ஊத்திக்கிட்டேதான் இருந்தேன்" என்றான். அந்தக் கரண்டிகளை வாங்கிக் கொடுத்ததே பெரியம்மாதான், ஜாய்ஸ். எல்லோரும் தரையைப் பார்த்தோம். ஒருவரை மீட்கப்போய் இன்னொருவரை மாட்டிவிட்டோமே என்று நினைத்தேன்.

பெரியம்மா சேலை முந்தியை நீவிவிட்டுக்கொண்டே, "அப்ப சாம்பாரக் காலி பண்ணுனது நான் குடுத்த கரண்டியா?" என்றார்கள். அதுவரை வாய் திறக்காத அண்ணாச்சி, "மதினிக்குப் பெரிய மனசு, கரண்டி மட்டும் சின்னதாவா இருக்கும்" என்றார். பெரியம்மாவே முதலில் சிரித்தார்கள். அதன்பிறகு தண்ணீர், இலை, பந்தி வரிசை என்று ஆளாளுக்குக் குறை வந்தது. எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் சரிசெய்யப் போவதில்லை என்று, கரண்டி விஷயத்தை மட்டும் எடுத்து பிரவின்ராஜ் பொறுப்பில் விட்டோம். இன்றைக்கு அண்ணாச்சி கோயிலுக்கு வந்திருந்தார், பிரசங்கத்தில் வழக்கம்போல் நன்றாகத் தூங்கினார். ஒருவர் தூங்குவதைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் தேன்மொழியை ஒரு டீ குடிக்கக் கூட்டிப் போ. பேசு என்று சொல்லாதே, அவளை யாராவது பிடித்துக்கொண்டால் நீ நடுவில் வருவாய் என்பதை மட்டும் சொல், சொன்னபடி வா. அதற்குப் பிறகும் இந்த வேலை வேண்டாம் என்று தோன்றினால் தாராளமாக விட்டுவிடு, அம்மா குறைவாக நினைக்க மாட்டேன். ஆனால் அவளை அப்படியே விட்டுவிட்டு வராதே மக்கா.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. தலையில் எண்ணெய் வை, ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளாதே. முறுக்கில் பாதி தேன்மொழிக்கு.

உன் அம்மா,
எப்சிபா