ஐந்தாம் நாள் கூண்டு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முனகுகிறது. நீங்களும் பாப்பாவும் நலமா? என் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும், பொறுத்துப் படியுங்கள். போனில் சொல்லப் போனால் பாதியில் வைத்துவிடுவேன், அந்த ஞாயிற்றுக்கிழமையைப் போல.

அன்று நீங்கள் தயங்கித் தயங்கித்தான் கேட்டீர்கள். "அத்தே, பாப்பா ஸ்கூல்ல ஒரு டீச்சர் இருக்காங்க. பாப்பாக்கும் அவங்கன்னா உசுரு. நீங்க சரின்னாதான் மேற்கொண்டு பேசுவேன்" என்றீர்கள். நான் போனை வைத்துவிட்டேன். மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. கோபம்தான். பொய் சொல்வானேன். என் மகள் போய்ப் பதினாலு மாதம்தானே ஆகிறது.

மறுநாள் வேலையில் ஒரு தப்புச் செய்தேன். ஆராய்ச்சிக் கூடத்தில் நான் பார்ப்பது ஈ வளர்க்கும் வேலை. "எங்கம்மா ஈ ஓட்டுறாங்கன்னா, வேலை இல்லாம இருக்காங்கன்னு நினைச்சுக்கிறாங்க" என்று அவள் சொல்லிச் சிரிப்பாளே, நினைவிருக்கிறதா? கொசுவில் பாதிகூட இல்லாத மணல் ஈ. நோய்க்கிருமி கலந்த ரத்தத்தை அவற்றுக்குக் குடிக்க வைப்பார்கள். பிறகு வலைத்துணிக் கூண்டுகளில் சர்க்கரைத் தண்ணீர் பஞ்சு வைத்துக் காப்பது நான். ரத்தம் குடித்து ஐந்து நாளானால் பச்சை நூல், ஒன்பது நாளானால் சிவப்பு நூல் கட்ட வேண்டும். பத்து வருஷமாகக் கட்டுகிறேன். அன்று மாற்றிக் கட்டிவிட்டேன்.

ஈயை அறுத்துப் பார்க்கும் கண்ணாடி போட்ட பெண் என்னைக் கூப்பிட்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். மைக்ராஸ்கோப்பைக் காட்டி, "நீங்களே பாருங்கக்கா. எனக்கு ஒம்பது நாள் ஈ வேணும், கிருமி பிடியை விட்டுட்டு வந்தது. இது அஞ்சாம் நாள் கூண்டு. இதுல கிருமி எல்லாம் கப்புன்னு பிடிச்சிட்டு நிக்குது" என்றாள்.

பார்த்தேன். ஈயின் குடல் கண்ணாடித் துண்டில் கிடந்தது. அதன் சுவரில் ஊசி ஊசியாகக் கிருமிகள். ஒவ்வொன்றுக்கும் சாட்டை போல ஒரு நூல். அதைக் குடல் சுவரில் செருகிக்கொண்டு உடம்பு மட்டும் துடிக்கிறது. எதற்கு இப்படிப் பிடிக்கிறது என்று கேட்டேன். குடித்த ரத்தம் செரித்து மிச்சம் கழிவாக வெளியே போகும் நேரமாம். பிடிக்காதது அதோடு அடித்துக்கொண்டு போய்விடுமாம். நாலு நாள் போனால் உடம்பின் மேல்பூச்சே மாறி, பிடி தானாக வழுக்கி, ஈயின் வாய்ப்பக்கம் நகருமாம்.

"விடாம பிடிச்சிட்டே இருந்தா?" என்றேன்.

"ஈயோட சேர்ந்து அதுவும் போயிடும்க்கா."

எனக்கு ஆஸ்பத்திரி நினைவு வந்தது. எல்லாம் முடிந்த பிறகும் என் மகள் கையை நான் விடவில்லை. நர்ஸ் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றீர்கள்.

உங்களைக் கிருமி என்று சொல்லவில்லை மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சனியன் விட்டுவிட்டுப் போவதும் அடுத்த ஆளுக்கு நோய் கொடுக்கத்தான். அதைப் பார்த்துப் புத்தி கற்க நான் படித்தவளும் இல்லை. ஆனால் பிடித்ததில் தப்பில்லை என்று அன்று தோன்றியது. பிடிக்காமல் இருந்தால் நான் அந்த வாரமே போயிருப்பேன்.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். வாராவாரம் போனைப் பாப்பாவிடம் கொடுக்கச் சொல்வேனே, கொஞ்சுவதற்கு மட்டும் இல்லை. "அம்மா அலமாரியை அப்பா தொறந்தாரா? சீப்பு அங்கேயே இருக்கா?" என்று துப்புக் கேட்பேன். குழந்தையை வேவு பார்க்க வைத்தேன். போன மாதம் அவளே, "அம்மம்மா, நான் போய்ப் பார்க்க மாட்டேன். இருட்டா இருக்கு" என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அலமாரியைத் திறந்துவிடுங்கள். நீலப் புடவை பாப்பாவுக்கு இருக்கட்டும். சீப்பை எனக்கு அனுப்புங்கள், கழுவ வேண்டாம். மற்றதை யாருக்காவது கொடுங்கள். வருகிறவளுக்குத் துணி வைக்க இடம் வேண்டும். பாப்பாவுக்குத் தலை வாரும்போது இடது பக்கம் சுழி இருக்கிறது, அங்கே இழுத்தால் அழுவாள் என்று அந்த டீச்சரிடம் சொல்லுங்கள்.

இங்கே எல்லோருக்கும் நான் அக்கா. உங்களுக்கு அத்தை, பாப்பாவுக்கு அம்மம்மா. அந்த டீச்சர் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தயங்கினால், அம்மா என்றே கூப்பிடலாம் என்று சொல்லுங்கள். இந்தக் காது அதைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

மூன்று பேரும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
அத்தை