நெயில் பாலிஷ் பூசிய முடிச்சுகள்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். லேபுக்குக் குடையோடு போனேன், குடை இல்லாமல் வந்தேன். வளவனூர் பல் கிளினிக்கில் விட்டிருப்பேன். அங்கே இருக்கிற அசிஸ்டென்ட் பொண்ணு எடுத்து உள்ளே வைத்திருப்பாள். கேட்டால் நான் பாக்கலையே சார் என்பாள்.

அவள்தான் இன்றைக்கும் பல்லுக்கு மேல் மாட்டுகிற கேப் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள். "பல்லுல ஓரம் ஒக்காரலியாம் சார். டாக்டரம்மா சொன்னாங்க." வாழ்நாள் முழுக்கப் பல் செய்கிறவன் நான். எனக்கு ஓரம் உட்காரவில்லையாம். போன வாரமும் இப்படித்தான் ஒன்று. டாக்டரம்மா சொன்னாரா, இவளே சொல்கிறாளா? வேறு லேப்காரன் எவனோ இவளைக் கைக்குள் போட்டிருக்கிறான். விழுப்புரத்தில் என் வேலையைப் பார்த்து வயிறெரிகிறவர்களுக்கா பஞ்சம்?

வீட்டில் கட்டிக்கொண்டிருக்கும் மாடல் கப்பல்: முன் பாய்மரம், இடப்பக்க ஏணி. காலையில் கடைசி இரண்டு படி. கிட்டோடு வந்த பிளாஸ்டிக் வலையை ஒட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் கொசுவலை மாதிரி இருக்கும். நூலில்தான் கட்டுவேன். கப்பல் ஓரத்திலிருந்து மரத்து உச்சிக்கு ஐந்து கயிறு ஏறுகிறது. குறுக்கே நூல் ஓட்டி, ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு முடிச்சு போட வேண்டும். மாலுமி கால் வைத்து ஏறுகிற படி அது. ஒரு முடிச்சு தவறினாலும் ஏணி ஏணியாக இருக்காது.

வாங்க:
கருப்பு நூல் (பாலியஸ்டர். பருத்தி பிசிறு தட்டும்)
தேன்மெழுகு
பிளேடு
ட்யூப்லைட். புதிதாகப் போட்டதுதான், அதற்குள் விளக்கைச் சுற்றிப் புகை மாதிரி வட்டம். எலக்ட்ரீஷியன் மட்ட சரக்கைத் தலையில் கட்டிவிட்டான்.

நவ. 5, புதன்

மழை இல்லை. குடை லேபிலேயே இருந்தது, கதவுக்குப் பின்னால். யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

காலை வெயில் சன்னல் வழியாகக் கப்பல் மேல் விழுந்தது. அதனால்தான் தெரிந்தது. இடப்பக்க ஏணியில் இரண்டு படிகளின் முடிச்சுகள் மட்டும் மினுக் மினுக் என்கின்றன. நான் முடிச்சுக்கு வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டு வைப்பேன். காய்ந்தால் மங்கிவிடும். இது கண்ணாடி மாதிரி. தடவினேன், கெட்டி. மோந்து பார்த்தேன். நெயில் பாலிஷ்!

வீட்டில் நானும் என் மனைவி கலாவும்தான். அவள் நெயில் பாலிஷ் போட்டு நான் பார்த்ததில்லை. (இனி இதில் அவளை க. என்றே எழுதுவேன். கண்ணில் பட்டால் வம்பு.)

முடிச்சுக்கு நெயில் பாலிஷ் வைக்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். திண்டிவனம் நிஜாம். மேம்பாலத்துக்குக் கீழே செல்போன் சர்வீஸ் கடை. எனக்கு இந்தக் கப்பல் பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததே அவன். கோட்டக்குப்பத்தில் இருக்கும் அவன் மச்சான் துபாயிலிருந்து ஒரே மாதிரி இரண்டு பெட்டி கொண்டுவந்தார். ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. அவன் அவசரக் குடுக்கை. பின்பக்கக் கயிறுகளை முதலில் இழுத்துக் கட்டிவிட்டான். பிளாஸ்டிக் மரம், வளையாமல் என்ன செய்யும்? உச்சி மரம் பின்னால் சாய்ந்து நிற்கிறது. என்னுடையது நேராக நிற்பதைப் பார்த்தால் அவனுக்குப் பொறுக்குமா?

ஆனால் அவன் எப்போது என் வீட்டுக்கு வந்தான்?

மதியம் சாப்பிடும்போது கேட்டேன். "யாராவது வந்தாங்களா?"

"யாரு வரப்போறாங்க? கேஸ்காரன் வந்தான்." தலை நிமிரவில்லை. பக்கத்து வீட்டுப் புடவைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். பதில் ரொம்ப ஜல்தியாக வந்தது.

சாயந்திரம் அந்த இரண்டு படியையும் பிளேடால் அறுத்துவிட்டு நானே திரும்பக் கட்டினேன். கழுத்து வலி.

நவ. 6, வியாழன்

மறுபடியும் மினுக்குகிறது! அதே இரண்டு படி.

கப்பல் போனால் போகிறது. நான் இல்லாத நேரம் பார்த்து ஒருவன் என் வீட்டுக்கு வந்து போகிறான், அவள் அதை மறைக்கிறாள் என்றால் நான் எதற்கு இருக்கிறேன்? இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட மாதிரி இருந்தோம். எழுதவே கை கூசுகிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

முருங்கைக்கீரை கூட்டு. ருசி தெரியவில்லை.

சாப்பிடும்போது அவள் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். "அவரு இருக்காரு... அப்புறமா பண்றேன்." திரும்பி வந்து, நான் கேட்காமலேயே, "ராங் நம்பரு" என்றாள். ராங் நம்பரிடம் அப்புறமா பண்றேன் என்று யார் சொல்வார்கள்?

மறுபடி அறுத்தேன். மறுபடி கட்டினேன்.

நவ. 7, வெள்ளி

வலை விரித்தாயிற்று. லேபிலிருந்து பிளாஸ்டர் மாவு கொண்டுவந்தேன். வாய் அளவுக்கு அச்சு ஊற்றுகிற மாவு, முகப்பவுடரைவிட நைசு. காலையில் கிளம்பும்போது கப்பல் மேசையின் கருப்பு ரெக்சின் மேல் லேசாக ஊதிவிட்டேன். பார்த்தால் தெரியாது. தொட்டால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மதியம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக மேசைக்குப் போனேன். நான்கு விரல். பக்கத்தில் வளைவாக ஒரு கீறல். வளையல்!

நிஜாம் இல்லை. க.தான்.

ஒரு நிமிஷம் நிம்மதி. அடுத்த நிமிஷம் அதைவிடப் பெரிய குடைச்சல். அவள் எதற்கு என் கப்பலைத் தொட வேண்டும்? நெயில் பாலிஷ் யோசனை அவளுக்கு யார் கொடுத்தது?

அவள் குளிக்கப் போனபோது போனைப் பார்த்தேன். கட்டிய மனைவியின் போனை நோண்டுகிற ஆளாகிவிட்டேன், சீ. ஆனால் பார்த்தது பார்த்ததுதான். நேற்று நிஜாமுடன் வீடியோ கால். முந்தாநாளும், அதற்கு முந்தின நாளும். இன்றும். எல்லாம் நான் லேபில் இருக்கிற நேரம்.

இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கோமாளி ஆக்குகிறார்கள்.

நவ. 8, சனி

வேலை ஓடவில்லை. அவளோடு பேசவில்லை. "ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று நெற்றியில் கை வைத்தாள். தட்டிவிட்டேன். முகம் சுருங்கிப் போனது. நடிப்பா?

நவ. 9, ஞாயிறு

லேபில் அவசர வேலை என்று சொல்லிவிட்டுத் திண்டிவனம். பஸ் ஸ்டாண்டில் போர்டெல்லாம் ஒரே அழுக்கு, படிக்க முடியவில்லை. ஒரு பையனிடம் இது திண்டிவனம் போகுமா என்று கேட்டேன். "அதான் இம்மாம் பெருசா எழுதிக்கீதே பெரியவரே" என்றான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய்.

நிஜாம் கடையில் ஷட்டர் பாதி. என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. குறித்துக்கொண்டேன்.

"வாங்கண்ணே! இன்னா திடீர்னு? சொல்லிக்கினு வந்திருந்தா பிரியாணி சொல்லிருப்பேனே."

"பிரியாணி இருக்கட்டும். என் பொண்டாட்டிகிட்ட டெய்லி வீடியோ கால்ல இன்னா பேசுற?"

அவன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது. "அண்ணே, அல்லா மேல சத்தியமா..."

"சத்தியம் கேக்கல. பதில் கேக்குறேன்."

செல்போன் போர்டு பார்க்கிற மைக்ராஸ்கோப்பின் பெரிய திரையைப் போட்டு, தன் போனிலிருந்து ஒரு போட்டோவை அதில் காட்டினான். என் கப்பல். இடப்பக்க ஏணி, திரை நிறைய. மேலே ஒரு படி, கீழே ஒரு படி. மேலே இருந்தது ஐந்து கயிற்றையும் பிடித்து, ஸ்கேல் வைத்தது போல. கீழே இருந்தது நடுக்கயிற்றைப் பிடிக்கவே இல்லை. நூல் அதற்கு முன்னால் சும்மா தொங்குகிறது. போதாததற்கு ஓரக் கயிற்றையும் உள்ளே இழுத்துக் கோணலாக்கியிருக்கிறது.

கத்திவிட்டேன். "பாத்தியா! ரெண்டு பேரும் சேந்து பண்ண லட்சணத்தப் பாத்தியா! மாலுமி கால வெச்சான்னா கடல்லதான் போயி விழுவான்!"

"அண்ணே," என்றான் மெதுவாக, "எந்தப் படியில பாலிஷ் மினுக்குது?"

மேலே உள்ளதில்.

"கீழ இருக்கிறது நீங்க புதங்கெழம சாயந்திரம் கட்டுனது. மேல இருந்தத மாத்திக் கட்டிட்டு, இத அவுக்கிறதுக்கு முன்னாடி அண்ணி எடுத்து அனுப்புனாங்க."

கம்ப்யூட்டரில் நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்வீர்கள் என்றேன். அவன் சண்டை போடவில்லை. தன் கப்பலைத் தூக்கி என் முன்னால் வைத்து, நூலைக் கொடுத்து, "ஒரே ஒரு படி கட்டுங்கண்ணே" என்றான். கட்டினேன். இந்தா பார் என்று ஜம்பமாகவே கட்டினேன். மைக்ராஸ்கோப்பை அதன் மேல் நகர்த்தினான்.

நடுக்கயிறு தனியாக நிற்கிறது. என் நூல் அதைத் தொடக்கூட இல்லை. நான் ஐந்து முடிச்சும் போட்டேன். போட்டதாகத்தான் தெரிந்தது.

கடைப் பையனிடம் டீ வாங்கிவரச் சொன்னான். அது ஆறுகிற வரைக்கும் நான் குடிக்கவில்லை. அவன்தான் பேசினான். "வளவனூர் கிளினிக் பொண்ணுதான் மொதல்ல அண்ணிக்குப் போன் பண்ணிச்சாம். கேப்பு திரும்பி திரும்பி வருது, சார கண்ண காட்டச் சொல்லுங்க, டாக்டரம்மா வேற லேபுக்குக் குடுத்துடப் போறாங்கன்னு. அதுக்கப்புறம் அண்ணி கப்பலப் பாத்திருக்காங்க. குஞ்சம் கட்டுற கையி இல்ல? பாத்த ஒடனே தெரிஞ்சிடுச்சி. 'சொன்னா மனுஷன் ஒடஞ்சி பூடுவாரு தம்பி, முடிச்சி மட்டும் சொல்லிக்குடு, அவருக்குத் தெரியாம நான் சரி பண்ணிடுறேன்'னாங்க. எனக்குப் பேஜாரா போச்சி. அண்ணிகிட்ட முடியாதுன்னு எப்பிடிச் சொல்றது?"

நான் வந்ததை அவளிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். சரி என்று என் கையைப் பிடித்தான். அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பஸ்ஸில் சன்னலோர சீட். வெட்கம், கோபம், எல்லாவற்றுக்கும் அடியில் பயம். கண் போனால் பல் வேலை போச்சு. எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. அவள் கட்டியதை நான் இரண்டு தரம் அறுத்தேன். இரண்டு தரமும் வாயைத் திறக்காமல் திரும்பக் கட்டியிருக்கிறாள். நான் என்னவெல்லாம் நினைத்தேன். அடச்சீ.

நவ. 10, திங்கள்

பலத்த மழை. க.விடம் சொல்லாமல் ஜங்ஷன் பக்கம் கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து, எரிச்சல், காத்திருப்பு. பக்கத்து பெஞ்சு அம்மா யாரிடமோ: "எனக்கு மருமவ மூஞ்சியே மங்கலாத்தான் தெரிஞ்சிது, நிம்மதியா இருந்துது."

டாக்டர் சின்னப் பையன். "வலது கண்ணுல புரை முத்திடுச்சி சார். இடதுல ஆரம்பம். விளக்கச் சுத்தி வட்டம் தெரியுதா?"

தெரிகிறது என்றேன்.

"இத்தினி நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

எலக்ட்ரீஷியனைத் திட்டிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

ஆபரேஷன் என்றால் அவர்களுக்கு வருமானம்தானே, அதனால் இன்னொரு ஆஸ்பத்திரிக்கும் போனேன். அங்கேயும் அதையே சொன்னார்கள். செய்துகொண்டால் நன்றாகத் தெரியும், வேலையும் பார்க்கலாம் என்றார்கள். இருவரும் பேசி வைத்துக்கொண்டு சொல்லியிருக்க முடியாது.

வளவனூர் கிளினிக்குக்குப் போன் செய்தேன். கண் ஆபரேஷன் முடிந்து சரியாகிற வரைக்கும் கேப் வேலை அனுப்ப வேண்டாம், அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லும்மா என்றேன். அந்தப் பெண் "அய்யோ சார், டாக்டரம்மா கண்டிப்பா வெயிட் பண்ணுவாங்க" என்றாள். நல்ல பெண்தான்.

க.விடம் எப்படி ஆரம்பிப்பது? வாய் வரைக்கும் வருகிறது. ரசம் போடட்டுமா என்று கேட்டாள், ம் என்றேன்.

நவ. 11, செவ்வாய்

மழை வெறித்திருக்கிறது. முன் பாய்மரம் முடிந்தது, அடுத்து நடு மரம். பெரிய ஏணி.

காலையில் நூலை வெட்டி, மெழுகில் இழுத்து, வரிசையாக மேசையில் பரப்பினேன். மெழுகு தேய்க்கக் கண் வேண்டாம், விரல் போதும். நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்தேன். அவள் குள்ளம், அதனால் மேலே ஒரு தலையணை. பிளேடை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவளுக்கு நேரம் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்து மதியம் திரும்பலாம் என்று கணக்கு. அவள் கட்டட்டும். எனக்கு ஒன்றும் தெரியாது.

"லேபுக்குப் போய்ட்டு வர்றேன்."

செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து குரல். "லேபுலதான் வேலையே வேணான்னு சொல்லிட்டீங்களாமே, அங்க போயி யாரு வாயப் பாத்துக்கினு குந்தப் போறீங்க?"

வளவனூர்ப் பெண் சொல்லிவிட்டாள்.

அவளே தொடர்ந்தாள். "ஆபரேஷனுக்கு எந்த நாளுன்னு கேட்டீங்களா? அதையும் நானேதான் நிஜாம் தம்பிய வுட்டுக் கேக்கணுமா? திண்டிவனம் போனதையும் அவருதான் சொல்லணும், வூட்டுல இருக்கிறவங்க வாயில கொழுக்கட்ட."

ஓட்டை வாய்ப் பயல். கையைப் பிடித்துச் சரி என்றானே!

"அந்தப் பெரிய ஏணிக்கு ஒருத்தரு நூலப் புடிச்சிக்கினா சீக்கிரம் ஆவும்," என்றாள் கலா.

செருப்பைக் கழற்றிவிட்டு இதை எழுதுகிறேன். மறுபடியும் கூப்பிடுகிறாள்.