லின்னின் ஹீட்டர் சண்டை

செவ்வாய், ரெய்னர்ஸ் லேன், லண்டன்.

சூரிய சந்திரர் சாட்சியாக எழுதுகிறேன்: இதை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

இன்று பல்கலைக்கழகத்தில் சீன மாணவர்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பரீட்சை வைத்தேன். பாடமாக்கிய பதில்களை மழையாகப் பொழிந்தார்கள். நான் குடையில்லாமல் இருந்தேன். கடைசியாக வந்த லின் ஏற்கெனவே ஒருமுறை தவறியவள். இம்முறையும் தவறினால் பட்டப்படிப்பில் சேரமுடியாது, சீனாவுக்குத் திரும்பவேண்டியதுதான். பாடமாக்கியது பாதியில் மறந்து விறைத்துப்போனாள்.

"அதை விடும். நான் உம்முடைய வீட்டுச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளும். ஹீட்டர் பழுது. என்னோடு சண்டை பிடியும்" என்றேன்.

பிடித்தாளே! "தினமும் நாளைக்கு, நாளைக்கு என்கிறீர்கள். கையுறை போட்டுக்கொண்டு நூடுல்ஸ் சாப்பிடுகிறேன். உங்கள் நாளை எந்த நாட்டில் விடியும்?" என்ன ஆங்கிலம்! ஜன்னல்கள் அதிர்ந்தன. தேம்ஸ் நதி பயந்து பின்னால் ஓடியது. நான் மேசைக்கடியில் ஒளிந்தேன்.

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, புளுகாதேங்கோ. பெட்டை பாஸோ?"

"ஓம், திறமான பாஸ்!"

தேம்ஸ் பொய். மேசையும் பொய். ஆனால் பரீட்சகன் என்பதையே மறந்து, "மன்னித்துக்கொள்ளும் பிள்ளை, நாளைக்குத் திருத்தித்தருகிறேன்" என்று நான் கெஞ்சியதும், "இன்றைக்கு!" என்று அவள் மேசையில் தட்டியதும் உண்மை.