சம்பந்தி வீட்டு ரோஜாச் செடி

என் செல்ல மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. பேரன் பிறந்தநாளன்று வீட்டில் இடம் போதாது, அப்புறம் சாவகாசமா வாங்கப்பா என்று எழுதியிருக்கிறாய். அந்த வீட்டுக் கூடத்தில் என் லாரி இரண்டை நிறுத்தலாம். வியாபாரி மகள் நீ, நேராகவே சொல்லியிருக்கலாம்.

ஆலை நன்றாக ஓடுகிறது. கறிக்கடைக் கழிவு முன்னைவிட அதிகமாக வருகிறது. புது பாய்லர் போட்டிருக்கிறேன். உருக்கி வடித்த கொழுப்பு சோப்புக் கம்பெனிக்கும், எலும்புத்தூள் உரக்கடைக்கும் போகின்றன. முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

போன தடவை வந்தபோது சம்பந்தியம்மா எனக்கு மட்டும் தோட்டத்தில் நாற்காலி போடச் சொன்னார்கள். உள்ளே ஒரே புழுக்கம், இங்கே காத்து வரும் அண்ணா என்றார்கள். பெரிய மரியாதை என்று நானும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். நீ பேரனை ஜன்னல் வழியாகவே காட்டினாய். சளி பிடிச்சிருக்குப்பா என்றாய். பக்கத்தில் ரோஜாச் செடி, கையகலப் பூ. குனிந்து பார்த்தால் அடியில் என் எலும்புத்தூள். நான் சலித்த பதம் எனக்குத் தெரியாதா? அது எனக்கு முன்பே அந்த வீட்டுக்குள் வந்து குடியேறியிருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து ஆள் எழுந்துபோய், கடைசிவரை நின்றுகொண்டே வந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் வீட்டுக்கு வரவென்று தைத்த புதுச் சட்டையை ஆலை ஆபீஸ் ஆணியில் மாட்டிவைத்திருந்தேன். பாய்லர் ஆவி முழுக்க அதில்தான் ஏறியிருக்கும். என் மூக்கு செத்துப் பல வருஷமாகிறது. முன்பெல்லாம் வெளியே கிளம்பினால் உன் அம்மா காலரை மோந்து பார்த்து, மாப்பிள்ளைக் கோலத்துல பாய்லர் நாத்தம், போய் இன்னொரு தடவை குளிங்க என்று விரட்டுவாள். அவள் போனபின் சொல்ல ஆளில்லை. ஆலையில் எடைபோடுகிறவனைக் கேட்டால், கமகமன்னு இருக்கீங்க முதலாளி என்கிறான். அவன் மூக்கும் என்னோடு சேர்ந்து செத்த மூக்குதான்.

நீயாவது காதோடு சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஆலைக்கு ஓடிவந்து, நான் தள்ளத் தள்ள என் மடியில் ஏறியவள் நீ. அன்றைக்கு எந்த ஜன்னலும் இல்லை.

பிறந்தநாளுக்கு நான் வரவில்லை, பயப்படாதே. பேரனுக்கு வாங்கிய மூன்று சக்கர சைக்கிளைக் கடையிலிருந்தே அனுப்பச் சொல்லிவிட்டேன். என் கை படவில்லை. தைரியமாக உள்ளே எடுத்துக்கொள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிள்ளைகளின் உச்சந்தலைக்கு ஒரு வாசனை உண்டு. நீ பிறந்தபோது எனக்கு மூக்கு இருந்தது, உன்னைத் தூக்கி மோந்து பார்த்திருக்கிறேன். அவனுக்கு எப்படி இருக்கிறது என்று எனக்காக ஒரு தடவை பார்த்து எழுது.

அவன் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கட்டும்.

உன் அப்பா